மார்க்கரால் வரைந்த டாட்டூ உண்மையானதாகத் தோன்ற வேண்டுமானால்

பெர்மனென்ட் மார்க்கரால் தோலில் வரைந்த டாட்டூவைப் பெரும்பாலும் நான்கடி தூரத்திலிருந்தே அடையாளம் கண்டுவிடலாம். வரைந்தவருக்குக் கைத்திறன் போதவில்லை என்பது இதற்குக் காரணமாக இருப்பது அரிது. நன்றாக ஓவியம் வரையத் தெரிந்தவர்களின் வேலையிலும் இதே குறை தெரிகிறது: மை கன்னங்கரேலென்று இருக்கிறது, வெளிச்சம் பட்டால் பளபளக்கிறது, கோட்டின் விளிம்பு தோலோடு சேராமல் தனித்து நிற்கிறது. நாடக நடிகர்களுக்கும், நிரந்தரமாகப் பச்சை குத்திக்கொள்வதற்கு முன் அந்த வடிவத்தைச் சில நாள் உடலில் சுமந்து பார்க்க விரும்பும் நண்பர்களுக்கும் நான் பல ஆண்டுகளாக இவ்வாறு வரைந்து வருகிறேன். உண்மைத்தோற்றம் மையைக் கூட்டுவதால் வருவதன்று, குறைப்பதால் வருவது என்பது அந்த அனுபவத்தில் எனக்கு உறுதிப்பட்ட செய்தி.

இதற்கான காரணம் தோலின் அமைப்பில் இருக்கிறது. பச்சை குத்தும்போது ஊசி மேல்தோலைக் கடந்து, ஏறத்தாழ 1 முதல் 2 மில்லிமீட்டர் ஆழத்தில், உள்தோலில் மையைச் சேர்க்கிறது. ஆறிய பிறகு அந்த மையை நாம் மேல்தோல் என்னும் மெல்லிய திரையின் வழியாகவே பார்க்கிறோம். அந்தத் திரை வெளிச்சத்தைச் சிதறடிப்பதால், குத்தும்போது முழுக் கறுப்பாக இருந்த மை ஆறியதும் சற்றே நீலம் கலந்த சாம்பல் சாயலோடு தெரிகிறது. கோட்டின் விளிம்பும் மிக நுட்பமாக மென்மையடைகிறது. அதற்கு மேலே இருப்பது இயல்பான தோல் என்பதால் அதன் வரிகளும் மினுமினுப்பும் மாறாமல் இருக்கின்றன. மார்க்கர் மையோ மேல்தோலின் வெளிப்புறத்தில் உள்ள இறந்த செல் அடுக்கின் மீது படிந்து, தோலின் இயல்பான பரப்பை மூடி, தனக்குரிய பளபளப்பைக் காட்டுகிறது. ஆகவே கறுப்பைத் தணிப்பது, பளபளப்பை நீக்குவது, விளிம்பை மென்மையாக்குவது ஆகிய மூன்றும்தான் நம் வேலை. அழகான வடிவத்தைத் தேர்ந்தெடுப்பது இவற்றுக்குப் பிறகுதான்.

வரையும் முறைக்குப் போவதற்கு முன் மையைப் பற்றி ஒளிவுமறைவின்றிச் சொல்லியாக வேண்டும். பெர்மனென்ட் மார்க்கர்கள் தோலுக்காகச் செய்யப்பட்டவை அல்ல. உறையில் ‘நச்சற்றது’ என்ற முத்திரை இருந்தாலும், அது தாள், அட்டை போன்றவற்றில் பயன்படுத்துவதை மனத்தில் கொண்டு கொடுக்கப்படுவது. உடலில் வரைவதற்கான அனுமதியாக அதை எடுத்துக்கொள்ளக் கூடாது. ஷார்பி போன்ற புகழ்பெற்ற மார்க்கர்களைச் செய்யும் நிறுவனமே அவற்றைத் தோலில் பயன்படுத்தப் பரிந்துரைப்பதில்லை. சாதாரண மெல்லிய முனை மார்க்கர்களில் கரைப்பானாக இருப்பவை பெரும்பாலும் ஆல்கஹால் வகைகள். அவை சில நொடிகளில் ஆவியாகிவிடும். தடித்த உளிமுனை கொண்ட சில பெரிய மார்க்கர்களில் சைலீன் என்னும் கரைப்பான் இருக்கிறது. அது தோலை எரிச்சலூட்டுவதோடு, அதன் ஆவி நரம்பு மண்டலத்துக்கும் கேடு செய்யும். மூடியைத் திறந்ததும் பெயின்ட் தின்னரின் நெடி அடிக்கும் எந்த மார்க்கரையும் நான் உடலுக்கு அருகில் கொண்டுபோவதில்லை. உறையில் கலவை விவரம் இல்லாத மார்க்கரையும் வாங்குவதில்லை.

தோலில் வரைவதற்கென்றே ஒப்பனைப் பொருள்களுக்குரிய விதிகளின்படி செய்யப்பட்ட மார்க்கர்கள் இப்போது கிடைக்கின்றன; பிக் நிறுவனம் வெளியிட்ட பாடிமார்க் அந்த வகையைச் சேர்ந்தது. ஒரு மாலை நேரத்துக்கு மட்டும் வரைய வேண்டியிருந்தால் அவையே போதும். குழந்தைகளுக்கு வரைவதானால் அவற்றைத் தவிர வேறு எதையும் எடுக்கக் கூடாது என்பது என் உறுதியான கருத்து. குழந்தைகளின் தோல் மெல்லியது, உடல் எடையோடு ஒப்பிட்டால் அதன் பரப்பும் அதிகம். வரைந்த கையை அவர்கள் வாயில் வைப்பதையும் தடுக்க முடியாது. பெரியவர்களிலும் தோல் அழற்சி உள்ளவர்கள், வாசனைப் பொருள்களாலோ தலைமுடிச் சாயத்தாலோ முன்பு ஒவ்வாமை கண்டவர்கள், கருவுற்றிருப்பவர்கள் ஆகியோருக்கு நான் பெர்மனென்ட் மார்க்கரால் வரைவதில்லை. காயம், பரு, வெயிலில் வெந்த இடம், முகம், கண்ணின் சுற்றுப்புறம், உதடு ஆகியவற்றை எவருக்கும் தொடுவதில்லை.

ஒவ்வாமைச் சோதனையைப் பலர் ஐந்து நிமிடத்தில் முடித்துவிடுகிறார்கள். சாயங்களால் வரும் ஒவ்வாமை பெரும்பாலும் தாமதமாகவே தலைகாட்டும். சிவப்பும் அரிப்பும் தோன்ற இரண்டு நாள் ஆகலாம். ஆகையால் முழங்கையின் உட்புறத்தில் சிறு பொட்டளவு வரைந்து, 48 மணி நேரம் பார்த்த பிறகே பெரிய வேலையைத் தொடங்குகிறேன். எனக்குத் தெரிந்த இளைஞர் ஒருவருக்கு முதல் நாள் எதுவும் தெரியவில்லை. மறுநாள் மாலையில் பொட்டு இருந்த இடம் தடித்துச் சிவந்திருந்தது. புஜம் முழுவதும் வரைந்திருந்தால் அவர் பட்டிருக்கக்கூடிய துன்பத்தை எண்ணும்போது, அந்த இரண்டு நாள் காத்திருப்பு எவ்வளவு மதிப்புள்ளது என்பது விளங்குகிறது. மார்க்கருக்கு மாற்றாகச் சிலர் முன்வைக்கும் ‘கறுப்பு மருதாணி’ இதைவிட ஆபத்தானது என்பதையும் இங்கே குறிப்பிட வேண்டும். அதன் கறுப்புக்குக் காரணம் பெரும்பாலும் தலைமுடிச் சாயத்தில் பயன்படும் பாராஃபினைலீன்டையமீன் என்னும் வேதிப்பொருள். அது நேரடியாகத் தோலில் படும்போது கொப்புளத்தையும் தழும்பையும் ஏற்படுத்தக்கூடும்; ஒருமுறை ஒவ்வாமை உண்டாகிவிட்டால் அது வாழ்நாள் முழுவதும் தொடர வாய்ப்புண்டு.

மார்க்கரை ஒருவர்மேல் பயன்படுத்திவிட்டு அடுத்தவர்மேல் பயன்படுத்துவதும் தவறு. பஞ்சு முனை தோலின் எண்ணெயையும் இறந்த செல்களையும் நுண்ணுயிரிகளையும் உறிஞ்சி வைத்துக்கொள்கிறது. மையில் ஆல்கஹால் இருப்பதனால் அந்த முனை கிருமி நீங்கியதாகிவிடாது. ஆளுக்கொரு மார்க்கர் ஒதுக்கி, பெயர் எழுதி வைத்துவிடுகிறேன்.

இனி கறுப்பைத் தேர்ந்தெடுப்பது. பச்சை குத்தும் கறுப்பு மையில் நிறம் தருவது கரித்துகள். மார்க்கரின் கறுப்போ, பொதுவாக, பல சாயங்களின் கலவை. அதனால்தான் மார்க்கர் டாட்டூ மங்கும்போது கறுப்பு சாம்பலாக மாறாமல், ஊதாவாகவோ செம்பழுப்பாகவோ திரும்பித் தன்னைக் காட்டிக்கொடுத்துவிடுகிறது. இதை முன்கூட்டியே அறிய எளிய வழி ஒன்று இருக்கிறது. காபி வடிக்கும் தாளிலோ வெள்ளை டிஷ்யூவிலோ மார்க்கரால் ஒரு புள்ளி வைத்து, அதன் நடுவில், கிருமி நீக்கப் பயன்படும் ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலைச் சொட்டுச் சொட்டாக விட்டால், சாயங்கள் பிரிந்து வளையங்களாகப் பரவும். வெளி வளையம் நீலச் சாம்பலாக வரும் மார்க்கரை வைத்துக்கொள்ளலாம்; சிவப்பாகவோ பளிச்சென்ற ஊதாவாகவோ வந்தால் அது தோலிலும் அப்படித்தான் மங்கும். கடையில் எத்தனை வகை இருந்தாலும், இந்தச் சோதனையில் தேறிய ஒரு கறுப்பும், ஒரு அடர்சாம்பலும் இருந்தால் பெரும்பாலான வேலைகளை முடித்துவிடலாம். சாம்பல் மார்க்கரை யாரும் பொருட்படுத்துவதில்லை. எனக்கோ கறுப்பைவிட அதுதான் அதிகம் தேய்கிறது.

தோலைத் தயார்செய்வதில் அவசரம் கூடாது. முடி அடர்ந்த இடமானால் முந்தைய நாளே மழித்துவிட வேண்டும். அன்றைக்கே மழித்தால் கண்ணுக்குத் தெரியாத கீறல்களில் மை இறங்கி எரியும். வரையும் நாளில் சோப்பால் கழுவித் துடைத்து, 70 சதவீத ஐசோபுரொப்பைல் ஆல்கஹாலில் நனைத்த பஞ்சால் ஒருமுறை ஒற்றி, முழுவதும் உலரவிட வேண்டும். தோலில் இயல்பாகச் சுரக்கும் எண்ணெய் மையைப் பிடிக்கவிடாது, முனையையும் அடைத்துவிடும். கிரீம், லோஷன் எதுவும் அன்று அந்த இடத்தில் படக் கூடாது.

எங்கே, எந்த நிலையில் வரைவது என்பதுதான் உண்மைத்தோற்றத்தில் பாதி. உள்ளங்கை வானத்தைப் பார்க்கும்படி முன்கையை மேசைமேல் வைத்து, மணிக்கட்டிலிருந்து முழங்கை வரை நேராக ஒரு கோடு வரைந்துவிட்டு, பிறகு உள்ளங்கையைக் கவிழ்த்துப் பார்த்தால் அந்தக் கோடு முறுக்கிக்கொண்டு போவதைக் காணலாம். முன்கையின் எலும்பு இரண்டும் ஒன்றன்மேல் ஒன்று புரளும்போது, மணிக்கட்டுப் பக்கத்துத் தோல் அதிகமாகவும் முழங்கைப் பக்கத்துத் தோல் குறைவாகவும் திரும்புவதே இதற்குக் காரணம். மேசைமேல் கையை வைத்து வரைந்த டாட்டூ, ஆள் எழுந்து நின்றதும் கோணலாகத் தெரிவது இதனால்தான். தொழில்முறையில் பச்சை குத்துபவர்கள் ஆளை நிற்கவைத்து, கையைத் தளர்வாகத் தொங்கவிடச் சொல்லி வடிவத்தைப் பொருத்துகிறார்கள். நாமும் அப்படியே செய்ய வேண்டும்: நிற்கவைத்து மூலக்கோடுகளையும் நடு அச்சையும் குறித்துக்கொண்டு, அதன் பிறகே உட்காரவைத்து வரைய வேண்டும். உட்கார்ந்த நிலையில் குறி வளைந்ததுபோல் தோன்றினாலும் அதைத் திருத்தக் கூடாது. குறியை நம்புவதற்குப் பழக வேண்டும்.

தசையின் போக்கையும் வடிவம் பின்பற்ற வேண்டும். புஜத்தில் வட்டமும் வளைவும் நன்றாக அமைகின்றன. கெண்டைக்காலில் மேலிருந்து கீழே ஒடுங்கும் வடிவங்கள் பொருந்துகின்றன. முழங்கை மடிப்பு, முழங்காலின் பின்புறம், விரல்கள், உள்ளங்கை ஆகிய இடங்களில் மை சில மணி நேரம்கூடத் தங்காது. நேர்கோடும் முழுச் சதுரமும் உடலில் எங்குமே கடினம். மூச்சு விட்டாலே கோணம் மாறிவிடும்.

மூலக்கோட்டுக்கு நான் பயன்படுத்துவது வெளிர் நிறமுள்ள, நீரில் கரையும் சாதாரண ஸ்கெட்ச் பேனா. புருவப் பென்சிலில் மெழுகும் எண்ணெயும் இருப்பதால் அது மார்க்கர் முனையை அடைக்கிறது. வடிவத்தைத் தோலில் படியெடுக்கப் பச்சை குத்துவோர் பயன்படுத்தும் ஸ்டென்சில் தாளின் ஊதா மையை ஆல்கஹால் கரைத்துவிடுவதால், மேலே வரையும் கறுப்போடு அது கலந்துவிடுகிறது. நீரில் கரையும் பேனாவில் இந்த இரண்டு தொல்லையும் இல்லை. மார்க்கர் வேலை முடிந்து உலர்ந்ததும் ஈரத்துணியால் மெல்ல ஒற்றினால் மூலக்கோடு மட்டும் நீங்கி, நீரில் கரையாத மார்க்கர் மை அப்படியே நிற்கும். எழுத்து வடிவங்களுக்கு மட்டும், அவற்றின் அளவு பிசகக் கூடாது என்பதால், ட்ரேசிங் தாளில் அதே பேனாவால் கண்ணாடி பிம்பமாக எழுதி, சற்றே ஈரமாக்கிய தோலில் அழுத்திப் பதிய வைக்கிறேன்.

கோடு போடும்போது இடது கையால் தோலை இழுத்துப் பிடிப்பது கட்டாயம். தளர்ந்த தோலில் முனை தோலையும் சேர்த்து இழுப்பதால் கோடு நடுங்கும். விரலால் வரையாமல் முன்கை முழுவதையும் நகர்த்தி, ஒரே இழுப்பில் முடித்து, முனையை உடனே தூக்கிவிட வேண்டும். முனை ஓரிடத்தில் அரை நொடி தங்கினாலும் மை தோலின் நுண்வரிகளுக்குள் ஓடி விளிம்பில் வேர்விடும். இயற்கையான மென்மைக்கும் இந்த வேர்விடுதலுக்கும் வேறுபாடு உண்டு: முன்னது சீராக இருக்கும், பின்னது கறையாகத் தெரியும். துடைக்கும் தாளைப் பக்கத்தில் வைத்துக்கொண்டு, சில கோடுகளுக்கு ஒருமுறை முனையை அதில் ஒற்றி எடுப்பது, சேர்ந்த எண்ணெயை நீக்கி மையின் ஓட்டத்தைச் சீராக வைத்திருக்கும். ஸ்டென்சில் அழியாமலிருக்கப் பச்சை குத்துவோர் பலர் கீழிருந்து மேலே வேலை செய்வதுண்டு. மார்க்கரில் ஈர மைதான் அழியும் என்பதால், வலக்கையர் மேலே இடப்புறத்திலிருந்து தொடங்குவதே நல்லது.

வெளிக்கோடு முழுவதையும் ஒரே தடிமனில் போடுவது குழந்தைகளின் வண்ணப் புத்தகத்துக்கு மட்டுமே பொருந்தும். வெளிச்சம் விழும் பக்கத்தில் மெலிந்தும் நிழல் பக்கத்தில் தடித்தும் வரும் கோடு கண்ணை ஏமாற்றுகிறது. அடர்ந்த கறுப்பு வேண்டிய இடங்களில்கூட ஒரே பூச்சில் நிரப்பாமல், முதலில் சாம்பல், அது உலர்ந்த பிறகு கறுப்பு என இரண்டு அடுக்காக இடுகிறேன். மூன்றில் ஒரு பங்கு கறுப்பு, ஒரு பங்கு நிழல், ஒரு பங்கு வெறுந்தோல் என்று பச்சை குத்துவோரிடையே வழங்கும் அளவு, மார்க்கருக்கும் பெரும்பாலும் ஒத்துவருகிறது. வெளிச்சத்துக்கு வெள்ளை மை தேவையில்லை. விட்டுவைத்த தோல்தான் வெளிச்சம். நிழலுக்குப் புள்ளி முறையே மிகவும் நம்பகமானது. அடர்த்தியாகத் தொடங்கி, புள்ளிகளின் இடைவெளியை மெல்ல மெல்லக் கூட்டிக்கொண்டே போனால், கரைத்துப் பூசியதைவிட இயல்பான நிழல் கிடைக்கிறது. உண்மையான டாட்டூக்களிலும் புள்ளி நிழல் வழக்கத்தில் இருப்பதால் பார்ப்பவருக்கு ஐயம் எழுவதில்லை. பஞ்சுக்குச்சியை ஆல்கஹாலில் நனைத்துப் பிழிந்து, கோட்டின் உள்விளிம்பில் மட்டும் தொட்டு இழுத்தால் மென்மையான சாயல் கிடைக்கும்; வெளிவிளிம்பைத் தொட்டால் முழு வடிவமும் கலங்கிவிடும்.

கருந்தோலில் வரையும்போது திட்டத்தையே மாற்ற வேண்டும். மேல்தோலிலுள்ள நிறமி உண்மையான டாட்டூவின் மையைக்கூட மறைக்கிறது என்பதால், நுண்ணிய கோடுகளும் வெளிர் சாம்பல் நிழலும் அங்கே எடுபடுவதில்லை. தடித்த கோடு, பெரிய வடிவம், தாராளமான வெற்றிடம் என்ற மூன்றும் அங்கே அழகாக இருக்கின்றன. வெளிர் தோலில் வரைந்த படங்களை மாதிரியாக வைத்துக்கொண்டு கருந்தோலில் அப்படியே வரைய முயல்வது அந்தத் தோலுக்குச் செய்யும் அநீதி என்றே நினைக்கிறேன். அந்தத் தோலுக்கென்று வடிவத்தைச் சிந்திக்க வேண்டும்.

மை உலர்ந்த பிறகு பளபளப்பை நீக்க வேண்டும். மென்மையான தூரிகையால் முகப்பவுடரையோ சோளமாவையோ மிகக் குறைவாகத் தூவி, ஒரு நிமிடம் விட்டு, எஞ்சியதைத் தட்டிவிடுகிறேன். தூள் காற்றில் பறந்து மூச்சில் போகாதபடி தூரிகையில் எடுத்தே தூவ வேண்டும், டப்பாவிலிருந்து கொட்டக் கூடாது. அதன் பிறகு, மேல்தோல் என்னும் அந்தத் திரையை நாமே உண்டாக்கும் கட்டம் வருகிறது. அவரவர் தோல் நிறத்துக்குப் பொருந்தும் திரவ ஒப்பனைப் பூச்சில் ஒரு துளியை நீரில் நன்றாகக் கலந்து, ஸ்பாஞ்சின் நுனியால் ஒற்றி ஒற்றி, வடிவம் சற்றே பின்வாங்கும் அளவுக்கு மட்டும் இட வேண்டும். கறுப்பு நீலச் சாம்பலை நோக்கித் தணிவதையும் விளிம்பு இளகுவதையும் அப்போதே காணலாம். இந்த ஒரு படியைத் தெரிந்துகொண்ட பிறகு என் வேலையின் தரம் வெகுவாக உயர்ந்தது. நாடகத்தில் முதியவரின் பழைய டாட்டூவைக் காட்ட வேண்டுமானால், கோடுகளைத் தடித்த சாம்பலில் போட்டு, நுண்விவரங்களைத் தவிர்த்து, இந்தப் பூச்சை இருமுறை இட்டால் போதும்.

இறுதியாக, ஒப்பனை கலையாமலிருக்கத் தெளிக்கும் ஸ்பிரேயை ஓரடி தூரத்திலிருந்து லேசாகத் தெளிக்கலாம். ஹேர் ஸ்பிரேயைப் பலர் பயன்படுத்துகிறார்கள். அது தோலை வறட்டி அரிப்பை உண்டாக்கக்கூடும் என்பதோடு எளிதில் தீப்பற்றக்கூடியதும் ஆகும். மேடையில் தீபமோ தீப்பந்தமோ இருக்குமானால் அதை அறவே தவிர்க்க வேண்டும்.

முன்கையிலும் புஜத்திலும் வரைந்தது கவனமாக இருந்தால் இரண்டு மூன்று நாள் தாங்கும். வியர்வையைவிட உராய்வும் எண்ணெயும்தான் அதைக் கெடுக்கின்றன. ஆகவே இறுக்கமான சட்டைக்கை வேண்டாம், குளித்த பின் தேய்க்காமல் ஒற்றித் துடைக்க வேண்டும். தேய்ந்த இடத்தைத் திருத்துவதானால் பழைய பூச்சை முதலில் ஈரத்துணியால் நீக்கிவிட்டு வரைய வேண்டும், இல்லையெனில் மை பிடிக்காது. பாதிக்கு மேல் தேய்ந்துவிட்டால் திருத்துவதில் பொருளில்லை, முழுவதையும் அழித்துவிடலாம்.

அழிப்பதற்கு முதலில் எண்ணெய். தேங்காய் எண்ணெய், குழந்தைகளுக்குப் பூசும் எண்ணெய், எண்ணெய்ச் சார்புள்ள ஒப்பனை நீக்கி ஆகிய எதுவானாலும் சரி. தாராளமாகத் தடவி ஐந்து நிமிடம் ஊறவிட்டுப் பஞ்சால் துடைத்தால் பெரும்பகுதி வந்துவிடும். எஞ்சியதை ஐசோபுரொப்பைல் ஆல்கஹால் நனைத்த பஞ்சால் ஒற்றி, சோப்பால் கழுவி, ஈரப்பதம் தரும் கிரீம் பூச வேண்டும். நகப்பூச்சு நீக்கியும் தின்னரும் மையை விரைவாகக் கரைக்கும் என்றாலும், அவை தோலின் இயல்பான எண்ணெய்க் காப்பையும் சேர்த்து அழித்துவிடுவதால் அவற்றை நெருங்கக் கூடாது. மெல்லிய சாயல் ஒன்று எஞ்சினால் அதைச் சுரண்டத் தேவையில்லை. இறந்த செல்கள் தாமே உதிரும்போது சில நாள்களில் அதுவும் போய்விடும். அதே இடத்தில் மறுபடியும் வரைய விரும்புபவர்களிடம், அந்தச் சாயல் முழுவதும் மறைந்து, தோல் வறட்சியோ சிவப்போ இல்லாமல் பழைய நிலைக்கு வரும் வரை பொறுத்திருக்கும்படி சொல்கிறேன். அதற்குள் வரைந்தாக வேண்டுமென்றால் மற்றொரு கையைத் தேர்ந்தெடுத்துக்கொள்கிறோம்.